பாசியும் காபனும்: ஒரு நம்பிக்கையின் வரலாறு

குளத்தில் நீரள்ளச் செல்வோர் கையால் விலக்கிவிடும் பொருளாகவே பாசி நெடுங்காலமாகக் கருதப்பட்டு வந்துள்ளது. கேணியை இறைத்துத் துப்புரவு செய்வோர் அதனைச் சுரண்டி வெளியே எறிவர். இவ்வாறு ஒதுக்கப்பட்ட பொருள் இருபதாம் நூற்றாண்டில் அடுத்தடுத்துப் பல பெரும் பணிகளுக்கு அழைக்கப்பட்டது. யுத்த காலத்தில் எண்ணெய் தருமாறும், யுத்தத்தின் பின்னர் உலகின் பசியைத் தீர்க்குமாறும், பெற்றோலிய நெருக்கடியின்போது எரிபொருளாகுமாறும், இறுதியாகப் புகைபோக்கிகள் கக்கும் காபனீரொட்சைட்டை உறிஞ்சி வளிமண்டலத்தைச் சீர்செய்யுமாறும் அது வேண்டப்பட்டது. நெருக்கடி தோன்றும்போதெல்லாம் பாசி நினைக்கப்பட்டது. நெருக்கடி தணிந்தபோதெல்லாம் மறக்கப்பட்டது. இந்நினைப்பும் மறப்பும் ஏன் நிகழ்ந்தன என்பதை ஆராய்வது வெறும் பழங்கதையை மீட்பதாகாது. காலநிலை மாற்றம் பற்றிய இன்றைய விவாதத்திலே பாசி மீண்டும் ஒரு தீர்வாக முன்வைக்கப்படுவதால், அதன் முன்னைய வரலாறு தரும் பாடம் எதுவென அறிதல் அவசியமாகின்றது.

விஞ்ஞான நூல்களில் அல்கா என வழங்கும் உயிரினக் கூட்டத்துள் கண்ணுக்குத் தனித்துப் புலப்படாத நுண்ணியவற்றையே நுண்பாசிகள் என்பர். பயிர்ச்செடி வேர், தண்டு, பூ எனப் பல உறுப்புகளை ஆக்குவதிலே தன் ஆற்றலைச் செலவிட, நுண்பாசியோ ஒரு கலத்தையே முழு உடலாகக் கொண்டு, ஒளியும் நீரும் கனியுப்புகளும் காபனீரொட்சைட்டும் கிடைத்தால் ஒரு நாளிலேயே இருமடங்காகவும் அதற்கு மேலாகவும் பெருக வல்லது. உலர்ந்த பாசியின் நிறையில் ஏறத்தாழப் பாதி காபன் ஆகும். எனவே ஒரு கிலோகிராம் உலர் பாசி உருவாவதற்கு ஏறத்தாழ 1.8 கிலோகிராம் காபனீரொட்சைட்டு உள்ளெடுக்கப்படல் வேண்டும். பாசியின் மீது வைக்கப்பட்ட நம்பிக்கை யாவும் இக்கணக்கிலிருந்தே பிறந்தது. அந்நம்பிக்கையின் எல்லையும் இக்கணக்கினுள்ளேயே அடங்கியிருந்தது.

பாசியைப் பயன்கொள்ளல் விஞ்ஞானிகள் கண்ட புதுமையன்று. மெக்சிக்கோவின் தெஸ்கோக்கோ ஏரியிலிருந்து அஸ்தெக் மக்கள் ஒருவகைப் பாசியை வலைகளால் அரித்தெடுத்து, வெயிலில் உலர்த்தி, அடைகளாக்கி உண்டமையைப் பதினாறாம் நூற்றாண்டு ஸ்பானியக் குறிப்பாளர்கள் பதிவு செய்துள்ளனர். ஆபிரிக்காவின் சாட் ஏரிப் பகுதியில் வாழும் கானெம் மக்கள் அத்தகைய பாசியைத் 'திகே' என்னும் பெயரில் இன்றும் உணவிற் சேர்த்துக் கொள்கின்றனர். பெல்ஜிய தாவரவியலாளர் ஜீன் லெயோனாட் 1960களின் நடுப்பகுதியில் இவ்வழக்கத்தை அறிவியலுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். ஸ்பைருலினா எனப் பெயர் பெற்ற இவ்வுயிரின் உலர் நிறையில் 60 வீதத்துக்கு மேற்பட்டது புரதமாகும். முன்னர் நீலப்பச்சைப் பாசி எனப்பட்ட இது இன்று பற்றீரியங்களோடு சேர்த்து வகைப்படுத்தப்படினும், வளர்ப்புத் தொழிலில் நுண்பாசியாகவே எண்ணப்படுகின்றது. அவ்வேரிக்கரை மக்கள் பாசியை வளர்க்கவில்லை. ஏரி வளர்த்ததை அள்ளினர். வளர்ப்பு என்னும் எண்ணம் ஆய்வுகூடத்திலேயே தோன்றியது.

நெதர்லாந்தைச் சேர்ந்த மாட்டினஸ் பெயரிங்க் 1890 ஆம் ஆண்டில் குளோரெல்லா என்னும் பச்சைப் பாசியை வேறு உயிர் கலவாத தூய வளர்ப்பாகப் பிரித்தெடுத்தார். ஜேர்மனியில் ஒற்றோ வார்பேர்க் 1919 அளவில் இப்பாசியை ஒளித்தொகுப்பு ஆய்வுக்கான கருவியாக்கினார். ஒரு மூலக்கூறு காபனீரொட்சைட்டைச் சேதனப் பொருளாக்க நான்கு ஒளிச் சத்திச்சொட்டுகள் போதும் என்பது அவர் கண்ட முடிவு. இம்முடிவு சரியாயின், பாசிக் கலம் தான் உறிஞ்சும் ஒளியை ஏறத்தாழ நட்டமின்றிப் பயன்படுத்தும் அதிசயப் பொறியாகிவிடும். ஆயின், வார்பேர்க்கிடம் பயின்ற அமெரிக்கரான றொபேட் எமெர்சன் தன் அளவீடுகளால் எட்டுக்குக் குறையாத சத்திச்சொட்டுகள் தேவையெனக் காட்டினார். ஆசிரியரும் மாணவரும் இவ்விடயத்தில் நெடுங்காலம் முரண்பட்டனர். இறுதியில் நிலைபெற்றது மாணவரின் முடிவே. பாசியின் ஆற்றல் பற்றிய முதல் மிகை மதிப்பீடு இவ்வாறு ஆய்வுகூடத்தினுள்ளேயே திருத்தப்பட்டது. வெளியுலகத்திலே எழுந்த மிகை மதிப்பீடுகள் இத்துணை விரைவிலே திருந்தவில்லை.

இதே காலத்தில் அடிப்படை விஞ்ஞானத்துக்குப் பாசி ஆற்றிய தொண்டு மறக்கற்பாலதன்று. கதிர்வீசும் காபன் 14 என்னும் சமதானி கலிபோர்னியாவின் பேர்க்லியில் 1940 இல் கண்டுபிடிக்கப்பட்டது. யுத்தத்தின் பின்னர் அங்கேயே மெல்வின் கல்வின், அன்ட்றூ பென்சன், ஜேம்ஸ் பஸ்ஸம் ஆகியோர் குளோரெல்லா, சீனடெஸ்மஸ் ஆகிய பாசிகளுக்கு அக்காபனை ஊட்டி, சில விநாடிகளில் அது எவ்வெச் சேர்வைகளாக மாறுகின்றது என்பதைப் படிப்படியாக அறிந்தனர். காற்றிலுள்ள காபன் வெல்லமாகும் பாதை இவ்வாறு துலங்கியது. இதற்காகக் கல்வினுக்கு 1961 இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. இன்று நெல்லினதும் தென்னையினதும் இலைகளில் நிகழ்வதாகக் கற்பிக்கப்படும் அவ்வட்டம் முதலிற் புலனானது பாசிக் கலத்திலேயே ஆகும்.

பாசியைத் தொழிற் பொருளாக்கும் முயற்சிக்குத் தூண்டுதலாயமைந்தது யுத்தமே. இரண்டாம் உலக மகாயுத்த காலத்தில் கொழுப்புத் தட்டுப்பாட்டுக்குள்ளான ஜேர்மனியில் றிச்சாட் ஹாடர், ஹான்ஸ் வொன் விற்ஷ் ஆகியோர் தயற்றம் என்னும் நுண்பாசிகளிலிருந்து கொழுப்புப் பெறலாமென 1942 இல் முன்மொழிந்தனர். யுத்தத்தின் பின்னர் கலிபோர்னியாவில் கார்னகி நிறுவனத்தின் தாவரவியற் பகுதியில் ஹேர்மன் ஸ்போயரும் ஹரோல்ட் மில்னரும் குளோரெல்லாவை ஆராய்ந்து 1949 இல் ஒரு முக்கிய உண்மையை வெளியிட்டனர். நைதரசன் குறைந்த சூழலில் விடப்படும் பாசி புரதம் ஆக்குவதைக் குறைத்துக் கொழுப்பைச் சேர்க்கின்றது. அதன் உலர் நிறையில் ஏறத்தாழ 85 வீதம் வரை கொழுப்பாக மாறக்கூடும். இவ்வெண் பின்னர் பலராலும் எடுத்துக் கூறப்பட்டது. ஆயின், அதனோடிணைந்த மற்றைய உண்மை அத்துணை உரத்துக் கூறப்படவில்லை. நைதரசன் குறையும்போது பாசியின் வளர்ச்சியும் தடைப்படுகின்றது. கொழுத்த பாசி பெருகுவதில்லை. பெருகும் பாசி கொழுப்பதில்லை. பாசி எண்ணெயின் வரலாறு முழுவதிலும் இம்முரண்பாடு நிழல்போலத் தொடர்ந்தது.

1940களின் இறுதியில் உலகின் கவலை எண்ணெயினின்று உணவுக்கு மாறியது. சனத்தொகை பெருக உணவு போதாதுபோகும் என்னும் அச்சம் மேலைநாடுகளில் வலுத்தது. பாதிக்கு மேல் புரதம் கொண்ட குளோரெல்லா இவ்வச்சத்துக்கு விடையாகத் தோன்றியது. 1951 இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் கேம்பிறிட்ஜ் நகரில் ஒரு கட்டடத்தின் கூரைமீது, ஒளிபுகும் பிளாஸ்ரிக் குழாய்களில் குளோரெல்லாவை வளர்க்கும் மாதிரித் தொழிலகம் ஒன்று கார்னகி நிறுவனத்தின் ஆதரவுடன் இயக்கப்பட்டது. அம்முயற்சியையும் பிற நாடுகளின் அனுபவங்களையும் தொகுத்து ஜோன் பேர்லியூ பதிப்பித்த நூல் 1953 இல் வெளிவந்து, பாசி வளர்ப்பின் மூலநூலாக மதிக்கப்படலாயிற்று. யப்பானில் ஹிறோஷி தமியா ரோக்கியோவிலிருந்த தொக்குகாவா உயிரியல் ஆய்வு நிலையத்தில் இப்பணியை முன்னெடுத்தார்.

எனினும் குளோரெல்லா ஏழையின் உணவாகவில்லை. அதற்கான காரணங்கள் தெளிவானவை. குளோரெல்லாக் கலம் ஒரு மில்லிமீற்றரின் நூற்றிலொரு பங்கினும் சிறியது. வளர்ப்புத் தொட்டி கண்ணுக்கு அடர்பச்சையாகத் தோன்றினும், 1,000 லீற்றர் நீரில் கிடைக்கும் உலர் பாசி பெரும்பாலும் அரைக் கிலோகிராம் அளவினதே. அதனைப் பிரித்தெடுக்கவும் உலர்த்தவும் சத்தி வேண்டும். அதன் கலச்சுவர் எளிதிற் சமிக்காது. நிறமும் மணமும் பலருக்கும் ஒவ்வா. மேலும் தொட்டியின் மேற்பரப்பிலுள்ள கலங்கள் தாம் பயன்படுத்த இயலாத அளவு ஒளியைப் பெற்று வீணாக்க, கீழேயுள்ளவை நிழலில் வாடின. இதற்கிடையில் 1960களிற் பரவிய பசுமைப் புரட்சி தானிய விளைச்சலை உயர்த்தியது. சோயா அவரை மலிவான புரதத்தைத் தந்தது. பசிக்கு விடையென எதிர்பார்க்கப்பட்ட குளோரெல்லா, யப்பானில் வசதியுள்ளோர் விலைகொடுத்து வாங்கும் சத்துணவுக் குளிசையாக முடிந்தமை இவ்வரலாற்றின் கசப்பான திருப்பமாகும்.

பாசியின் ஆற்றலை வேறொரு கோணத்தில் நோக்கியவர் பேர்க்லியின் வில்லியம் ஒஸ்வால்ட் ஆவார். நகரக் கழிவுநீரை ஆழமற்ற குளங்களிலே தேக்கி விட்டால், பற்றீரியங்கள் அழுக்கைச் சிதைக்கும். சிதைவிற் பிறக்கும் காபனீரொட்சைட்டையும் உப்புகளையும் பாசி உண்ணும். பாசி வெளிவிடும் ஒட்சிசனைப் பற்றீரியங்கள் பயன்படுத்தும். 1950களில் அவர் விளக்கிய இக்கூட்டுவாழ்வு கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்குச் சிக்கனமான வழியாயிற்று. துடுப்புச் சக்கரத்தால் நீரைச் சுற்றியோடச் செய்யும், ஓட்டப்பந்தயத் திடலை ஒத்த நீள்வட்டக் குளத்தின் அமைப்பும் இவ்வாய்வுகளின் வழியே வளர்ந்தது. 1960 இல் ஒஸ்வால்டும் கிளாரன்ஸ் கோலுக்கும் மேலுமொரு படி சென்றனர். பெருங்குளங்களில் வளரும் பாசியைக் காற்றின்றிப் புளிக்கவிட்டு மெதேன் வாயு பெறலாம். அதனை எரித்து மின்சாரம் ஆக்கலாம். எரிவாற் பிறக்கும் காபனீரொட்சைட்டை மீண்டும் குளத்துக்கே ஊட்டலாம் என்பது அவர்களது திட்டம். புகைபோக்கியையும் பாசிக் குளத்தையும் ஒரே வட்டத்தில் இணைத்த முன்னோடிச் சிந்தனை இதுவேயாகும். அன்று அது வளிமண்டலத்தைக் காக்கும் நோக்குடன் எழவில்லை என்பது ஈண்டு நோக்கற்பாலது. காபனீரொட்சைட்டு அங்கே மாசாக அன்றிப் பசளையாகவே கருதப்பட்டது.

மனிதர் வெளிவிடும் காபனீரொட்சைட்டைப் பாசியைக் கொண்டு அகற்றும் முயற்சி சோவியத் நாட்டிலே விண்வெளிப் பயணத்தின் பொருட்டு நடைபெற்றது. சைபீரியாவின் கிறஸ்நொயாஸ்க் நகரில் 1972 இல் கட்டிமுடிக்கப்பட்ட 'பயோஸ் 3' என்னும் மூடிய வாழிடத்திலும் அதற்கு முந்திய அமைப்புகளிலும் குளோரெல்லா மனிதரின் சுவாசக் காற்றைப் புதுப்பித்தது. ஒருவருக்கு ஏறத்தாழ 8 சதுர மீற்றர் பாசிப் பரப்புப் போதுமெனக் காணப்பட்டது. பாசியால் இயலும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. ஆயின், அங்குப் பாசிக்கு ஒளி தந்தவை வெளியிலிருந்து மின்சாரம் பெற்ற விளக்குகள். மூடிய அறையினுள் வெற்றி பெற்றது திறந்த உலகிலும் அவ்வாறே வெற்றி பெறுமென்பது இதனாற் பெறப்படாது.

1973 ஆம் ஆண்டின் பெற்றோலிய நெருக்கடி பாசியை மீண்டும் எண்ணெய்க்காக அழைத்தது. ஐக்கிய அமெரிக்க அரசு 1978 இல் 'நீர்வாழ் இனங்கள்' என்னும் ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கியது. 1996 வரை, ஏறத்தாழ 18 ஆண்டுகளில், அதற்கு 25 மில்லியன் டொலர் செலவிடப்பட்டது. 3,000க்கு மேற்பட்ட பாசி வகைகள் சேகரிக்கப்பட்டு, அவற்றுட் சிறந்தவை ஏறத்தாழ 300 ஆகச் சுருக்கப்பட்டன. நியூ மெக்சிக்கோவின் றொஸ்வெல் நகரில் 1,000 சதுர மீற்றர் பரப்புள்ள இரு குளங்களில் நடைபெற்ற சோதனையில், குளத்துக்கு ஊட்டப்பட்ட காபனீரொட்சைட்டில் 90 வீதத்துக்கு மேற்பட்டது பயன்பட்டமை நிறுவப்பட்டது. ஆயின், பாலைநிலத்து இரவுக் குளிர் விளைச்சலைக் குறைத்தது. சில நாள்களில் ஒரு சதுர மீற்றருக்கு 50 கிராம் வரை விளைந்தபோதிலும், ஆண்டுச் சராசரி நாளொன்றுக்கு 10 கிராம் அளவிலேயே நின்றது. பாசியைப் பற்றிய நம்பிக்கைகள் பெரும்பாலும் அந்த 50 கிராமைப் பேசின. செலவுக் கணக்கோ அந்த 10 கிராமைப் பேசியது. உயர்ந்த விளைச்சலை எதிர்பார்த்துக் கணித்தபோதிலும் பாசி டீசலின் செலவு பெற்றோலிய டீசலினதைப் போல் இருமடங்காகவே வந்தது. 1990களின் நடுப்பகுதியில் மசகு எண்ணெய் பீப்பாயொன்று 20 டொலருக்கும் குறைவாக விற்றது. திட்டம் நிறுத்தப்பட்டது.

அத்திட்டம் முடிவதற்கு முன்னரே பாசிக்குப் புதியதொரு பணி குறிக்கப்பட்டுவிட்டது. காபனீரொட்சைட்டுப் பெருக்கத்தாற் புவி வெப்பமடைகின்றது என்னும் உண்மை 1992 இல் றியோ டி ஜெனெய்ரோ மாநாட்டில் உலக நாடுகளின் உடன்படிக்கைக்குப் பொருளாயிற்று. யப்பான் 1990களில் பத்தாண்டுத் திட்டமொன்றின் மூலம், ஒளியிழைகளாற் சூரிய ஒளியை உள்ளே செலுத்தும் மூடிய கலன்களில் பாசியை வளர்த்துக் காபனீரொட்சைட்டைப் பிடிக்க முயன்றது. நுட்பம் வியக்கத்தக்கதாயிருந்தது, செலவு தாங்கத்தக்கதாயிருக்கவில்லை. பின்னர், 2008 ஜூலையில் மசகு எண்ணெய் விலை பீப்பாய்க்கு 147 டொலரைத் தொட்டபோது தனியார் முதலீடு பாசியை நோக்கிப் பாய்ந்தது. மின்நிலையப் புகையிற் பாசி வளர்க்க முனைந்த கிறீன்பியூவல் என்னும் அமெரிக்கக் கம்பனி, அரிசோனாவில் பாசி விளைந்தும் அதனை உரிய வேகத்தில் அறுவடை செய்ய இயலாது இடர்ப்பட்டு, 2009 இல் மூடப்பட்டது. அதே ஆண்டில் எக்ஸொன் மொபில் பாசி எரிபொருளுக்கு 600 மில்லியன் டொலர் வரை ஒதுக்கப்படலாமென அறிவித்தது; 2023 அளவில் அதுவும் அம்முயற்சியிலிருந்து விலகியது. ஐக்கிய அமெரிக்காவின் போக்குவரத்து எரிபொருளில் 5 வீதத்தைப் பாசியாற் பெற முனைந்தாற்கூட அதற்கான சத்தியும் நீரும் பசளையும் தாங்கவியலாதனவாகும் என அந்நாட்டின் தேசிய ஆராய்ச்சி மன்றம் 2012 இல் எச்சரித்திருந்தது.

இத்தோல்விகளுக்குக் காரணம் ஆய்வாளரின் திறமைக்குறைவு அன்று, அளவே காரணமாகும். 500 மெகாவாற்று நிலக்கரி மின்நிலையமொன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 30 இலட்சம் தொன் காபனீரொட்சைட்டை வெளிவிடும். ஒரு சதுர மீற்றரில் நாள்தோறும் 20 கிராம் வீதம், அதாவது றொஸ்வெல் சராசரியின் இருமடங்கு, ஆண்டு முழுவதும் விளைவதாகக் கொண்டாலும் அவ்வாயுவை உள்ளெடுக்க ஏறத்தாழ 230 சதுர கிலோமீற்றர் குளப்பரப்பு வேண்டும். அங்கு விளையும் உலர் பாசி 16 இலட்சம் தொன்னுக்கு மேற்படும். இன்று உலகம் முழுவதும் ஓராண்டில் வளர்க்கப்படும் நுண்பாசியோ சில பத்தாயிரம் தொன் மாத்திரமே. அப்பாசிக்கு வேண்டிய நைதரசன் மட்டும் ஒரு இலட்சம் தொன்னைத் தாண்டும். அந்நைதரசப் பசளையை ஆக்குவதிலும் காபனீரொட்சைட்டு வெளியாகும். இரவிலே பாசி உறங்கும், புகைபோக்கி உறங்குவதில்லை.

இவற்றினும் அடிப்படையான வினா ஒன்றுண்டு. பாசி பிடித்த காபன் பின்னர் எங்கே செல்கின்றது? பாசி எண்ணெயை எரித்தால் அக்காபன் அன்றே காற்றுக்குத் திரும்பும். பாசியை உண்டால் சுவாசத்தின் வழியே சில நாள்களிற் திரும்பும். நிலக்கரிப் புகையினின்று அது பெறப்பட்டதாயின், புவிக்கடியிற் கிடந்த காபன் இருமுறை பயன்பட்ட பின்னர் வளிமண்டலத்தைச் சேர்கின்றது. இதனால் ஒரு பகுதிப் பெற்றோலியம் எரியாது மிஞ்சலாம், அது நன்மையே. ஆயின் அதனைச் சிறைப்பிடித்தல் என்பது பொருந்தாது. பாசி காபனைக் கடனாகப் பெறுகின்றதேயன்றிச் சொத்தாகச் சேமிப்பதில்லை. கடனைச் சேமிப்பெனக் கணக்கெழுதும்போது, புகைபோக்கியை மூடவேண்டிய கடமை ஒத்திப்போடப்படுகின்றது. பாசி வரலாற்றில் இன்று அஞ்சத்தக்கது பணநட்டமன்று, இவ்வொத்திப்போடலேயாகும்.

அவ்வாறாயின் முக்கால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட இம்முயற்சி வீணாயிற்றெனக் கொள்ளலாமா? கொள்ளல் ஆகாது. பெரும் வாக்குறுதிகள் பொய்த்த இடங்களிலெல்லாம் சிறிய பயன்கள் நிலைத்துள்ளன. அவுஸ்திரேலியாவினதும் இஸ்ரேலினதும் உப்புநீர்க் குளங்களில் டுனலியெல்லா என்னும் பாசியினின்று கரற்றீன் பெறப்படுகின்றது. மீன்குஞ்சுகளுக்கும் சிப்பிகளுக்கும் நுண்பாசியே முதலுணவு. ஹவாய்த் தீவில் ஸ்பைருலினா வளர்க்கும் பண்ணையொன்று தனது சிறு மின்நிலையத்தின் புகையிலிருந்தே காபனீரொட்சைட்டைப் பெற்று, ஒஸ்வால்டின் கருத்துச் சிற்றளவிற் செயற்படும் என்பதைக் காட்டியது. தமிழகத்தில் முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி நிலையம் சி. வி. சேஷாத்திரியின் வழிகாட்டலில், கிராமப் பெண்கள் தம் வீட்டருகே எளிய தொட்டிகளில் ஸ்பைருலினா வளர்த்துக் குழந்தைகளின் உணவிற் சேர்க்கும் முறையைப் பரப்ப முயன்றது. ஏழைக்கென எண்ணிச் செல்வருக்காகிப்போன பாசியை மீண்டும் ஏழையின் முற்றத்துக்குக் கொணர்ந்த முயற்சி என்ற வகையில் அது சிறப்பாக மதிக்கத்தக்கது.

நிலைத்த பயன்கள் யாவற்றிலும் ஒரு பொதுத்தன்மை காணப்படுகின்றது. பாசி தன் இயல்புக்கேற்ற இடத்தில், தன்னால் இயன்ற அளவில், தன்னைத் தவிர வேறொன்று எளிதிற் செய்யவியலாத பணியைச் செய்தபோது வெற்றி பெற்றது. வேறு பொருளின் குற்றத்தை மறைக்க அழைக்கப்பட்டபோது தோற்றது. உலகம் ஆண்டுதோறும் 3,500 கோடி தொன்னுக்கு மேற்பட்ட காபனீரொட்சைட்டை வெளிவிடுகின்றது. அச்சுமையைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கலத்தின் தலைமீது ஏற்றிவிட்டு ஆறியிருத்தல் அறிவுடைமையாகாது. ஆய்வுகள் தொடரல் வேண்டும். கழிவுநீரைத் தூயதாக்கவும், மீனுக்கும் மனிதருக்கும் புரதம் தரவும் பாசி அழைக்கப்படல் வேண்டும். ஆயின், புகையைக் குறைக்கும் பொறுப்பு புகையை எழுப்புவோரதேயாகும். பாசி அப்பொறுப்பிற் சிறிதளவு தோள்கொடுக்கக் கூடும். அதனை முற்றாக ஏற்கும் ஆற்றல் அதற்கில்லை. குளத்துப் பாசியைக் கையால் விலக்கிய பழைய மனிதன் அதன் மதிப்பை அறியாதிருந்தான். அதனிடம் எல்லாவற்றையும் எதிர்பார்த்த புதிய மனிதன் அதன் அளவை அறியாதிருந்தான். மதிப்பையும் அளவையும் ஒருங்கே அறிதல் இனிவருவோர் கடனாகும்.